பில்லைக் குறைக்க வழி இரண்டு: வீட்டில் சிக்கனம், வீதியில் போராட்டம்!

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலில் பாடுபடும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகளே!



கரண்டைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது கரண்ட் அட்டையைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு அக்கா. கணவர் இல்லை. ஒன்றரை ஏக்கர் கரிசல் புஞ்சை, மக்காச்சோளம் வெள்ளாமை. மழை ஏமாற்றினால் பட்டாசு ஆலை வேனில் ஏறிவிடுவார். வீட்டில் ஐந்து பேர், மூன்று ஃபேன், ஒரு பழைய பிரிட்ஜ், டி.வி., தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன மோட்டார். ஏ.சி. கிடையாது. போன கோடையில் ரீடிங் எடுக்க வேண்டியவர் ஒன்பது நாள் கழித்து வந்தார். கணக்கு 512 யூனிட். பில் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். நாள் தவறாமல் எடுத்திருந்தால் 445 யூனிட்டுக்குள் நின்றிருக்கும். ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாயோடு முடிந்திருக்கும்.

ஆபீசில் போய்க் கேட்டோம். "விட்டுப்போன யூனிட் அடுத்த கணக்கில் குறைஞ்சிரும்ணே" என்றார்கள். யூனிட் குறையும், சரி. 500ஐத் தாண்டியதற்காகப் பிடித்த தண்டம் குறையுமா? 500 யூனிட் ஓடினால் ஒரு விலை. 501 ஓடினால் முதலில் ஓடின யூனிட்டுக்கும் சேர்த்து வேறு விலை. அந்த ஒற்றை யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுகிறது. இது அந்த அக்காவுடைய தப்பா? தாமதமாக வந்தது அவங்களா? பட்டாசு ஆலையில் நாள் முழுக்கக் குனிந்து உழைத்த கூலி, ஒரு நிமிஷத்தில் போய்விட்டதே!

அதனால்தான் இந்தத் துண்டறிக்கை. இது அந்த அக்கா ஒருத்தர் கதை இல்லை. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இதே புலம்பல்தான். புலம்பினது போதும். கணக்குப் பார்ப்போம் வாருங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

2022 செப்டம்பர் 10க்கு முன்னால், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் ரூ.1,130. அன்றைய உயர்வுக்குப் பிறகு ரூ.1,725. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு ரூ.1,805. இரண்டே வருஷத்துக்குள் ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிட்டது.

நம்ம விளைச்சலுக்கு என்ன கூடியது? மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளம் குவிண்டாலுக்கு 2022-23ல் ரூ.1,962, 2024-25ல் ரூ.2,225. கூடியது 13 சதவீதம் சொச்சம். நடுத்தர இழைப் பருத்தி ரூ.6,080லிருந்து ரூ.7,121. கூடியது 17 சதவீதம். இதுவும் காகிதத்தில் உள்ள விலைதான். வியாபாரி தராசைத் தூக்கும்போது என்ன விலை கிடைக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

விளைவிக்கிறதுக்கு 13, 17. எரிக்கிறதுக்கு 60. இந்தக் கணக்கில் எந்தச் சம்சாரி கரையேறுவான்?

2023லும் 2025லும் ஜூலை மாத உயர்வு வீடுகளுக்கு இல்லை, அரசே ஏற்றுக்கொண்டது என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் உயர்வு நிற்கவில்லை, தோள்தான் மாறியது. கடைக்கும் தொழிலுக்கும் ஏற்றினார்கள். மாவு மில்லுக்கு ஏறினால் அரைக்கிற கூலி ஏறும். அச்சாபீசுக்கு ஏறினால் அங்கே வேலை பார்க்கிற நம்ம பையனுக்கு ஷிப்டு குறையும். நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் தாங்க முடியாமல்தான் 2023 செப்டம்பரில் சிறு, குறு தொழில் செய்வோர் மாநிலம் முழுக்க ஒருநாள் கதவை அடைத்துப் போராடினார்கள். அவர்களும் நாமும் வேறு வேறு இல்லை. சிவகாசி வட்டாரத்தில் பாதிக் குடும்பம் புஞ்சையில், மீதிக் குடும்பம் ஆலையில். ஒரே அடுப்பில் ரெண்டு சம்பாத்தியமும் வேகிறது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். 2022ல் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவிலேயே, 2026-27 வரைக்கும் வருஷா வருஷம் ஜூலை முதல் தேதி விலைவாசிக்குத் தக்கபடி, 6 சதவீதத்துக்கு மிகாமல், உயர்த்திக்கொள்ள வழி வைத்துவிட்டார்கள். மழை வருஷா வருஷம் வருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கட்டண உயர்வுக்கு உத்தரவாதம் உண்டு!

பழி மட்டும் பம்புசெட் மேல்!

கட்டணம் ஏன் ஏறுது என்று கேட்டால், படித்த பெரிய மனுஷர்கள் ஒரே பாட்டைத்தான் படிக்கிறார்கள்: "விவசாயிக்கு இலவசக் கரண்ட் கொடுக்கிறதாலதான் வாரியம் நஷ்டப்படுது."

ஐயா, இலவச மின்சாரம் யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது இல்லை. யூனிட்டுக்கு ஒரு பைசா, இரண்டு பைசாக் கணக்குக்காக உயிரைக் கொடுத்தவர்கள் நம்ம சம்சாரிகள். 1970 ஜூன் 19ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். 1972ல் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் மாட்டு வண்டிகள் போய் கோயம்புத்தூரையே மறித்தன. அதே வருஷம் ஜூலை 5ல் மறுபடியும் துப்பாக்கிச் சூடு. நம்ம விருதுநகர்ச் சீமை அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்து மண்ணிலும் அன்று விவசாயி ரத்தம் சிந்தியது. நாயுடு 1984 டிசம்பரில் நமக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில்தான் உயிர்விட்டார். இவ்வளவுக்கும் பிறகுதான் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது.

2003ல் அதைப் பறித்தார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். உடனே திருப்பிக் கொடுத்தார்கள். இந்தச் சரித்திரத்தை இளைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். போராடாமல் வந்தது ஒன்றும் கிடையாது. தூங்கினால் தங்குவதும் கிடையாது.

நம்ம பம்புசெட் தண்ணீரில் விளைந்த அரிசியையும் காய்கறியையும் ஊரே தின்கிறது. அதன் விலையை நாம் நிர்ணயிப்பது இல்லை. அந்த மின்சார மானியம் நமக்கு மட்டும் கொடுக்கிற மானியமா? சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற மானியம் அது!

நஷ்டம் வேறு எங்கே இருக்கிறது?

ஒன்று, நிலக்கரி. 2022ல் ரஷ்யா-உக்ரைன் போரால் உலகம் முழுக்க நிலக்கரி விலை எகிறிக் கிடந்த நேரத்தில், அந்த வருஷம் மே மாதம், 10 சதவீதம் வெளிநாட்டு நிலக்கரியைக் கலந்தே தீரவேண்டும் என்று மத்திய அரசு நெருக்கியது. விலை உச்சியில் இருக்கும்போது வாங்கச் சொன்னவர் டெல்லியில். பில் கட்டுகிறவர் ஆமத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும்.

இரண்டு, அதிக விலை ஒப்பந்தம். நமக்குப் பக்கத்துக் கமுதியில் 2016ல் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அதன் மின்சாரத்துக்கு யூனிட் ரூ.7.01 என்று ஒப்பந்தம். 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா என்ற ஊரில் நடந்த ஏலத்தில் சூரியமின்சாரம் ரூ.2.44க்கு வந்துவிட்டது. விலை இறங்கும் என்று தெரியாதா, பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டால் பதில் இல்லை. அங்கே அடிக்கிறதும் நம்ம கரிசல்காட்டு வெயில்தான். வெயில் நம்முடையது, லாபம் யாருடையது?

மூன்று, கடன். வாரியத்தின் கடன் லட்சம் கோடியைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. நாம் கட்டுகிற பில்லில் ஒரு பங்கு கரண்டுக்கே போகவில்லை, வட்டிக்குப் போகிறது. கந்துவட்டிக்கு வாங்கி வெள்ளாமை வைத்தவன் கதிரடிக்கும்போது களத்தில் யார் நிற்பார் என்று நமக்குத் தெரியும். வாரியத்தின் கதையும் அதுதான்.

இது மின்சாரத்தோடும் நிற்கவில்லை. டீசலைப் பாருங்கள். 2014ல் லிட்டருக்கு மத்திய கலால் வரி ரூ.3.56. 2020ல் கொரோனா நேரத்தில் கச்சா எண்ணெய் விலை தரைமட்டத்துக்கு விழுந்தது. அந்த லாபம் நமக்கு வந்ததா? மே மாதம் வரியை ரூ.31.83 ஆக ஏற்றினார்கள். 2022 மே மாதம் ரூ.15.80க்குக் குறைத்த பிறகும், அது 2014ல் இருந்ததைப் போல நாலு மடங்குக்கு மேல். மாநில அரசு என்ன செய்தது? 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், நல்லது. டீசலுக்கும் குறைப்போம் என்ற தேர்தல் வாக்குறுதி அந்த பட்ஜெட்டில் வரவில்லை. பைக் ஓட்டுகிறவனுக்கு உண்டு, டிராக்டர் வைத்து உழுகிறவனுக்கு இல்லை! எரிவாயு சிலிண்டருக்கு நம்ம வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்த மானியம் 2020 நடுவோடு பெரும்பாலோருக்கு நின்றேபோனது.

உலகம் முழுக்க இப்படித்தானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உலகத்தையும் பார்ப்போம். 2022ல் பிரிட்டனில் எரிவாயு பில் தாறுமாறாக ஏறியபோது, கொள்ளை லாபம் பார்த்த எண்ணெய்க் கம்பெனிகள் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டு, வீடுகளுக்கு நிவாரணம் கொடுத்தார்கள். நம்ம நாட்டிலும் 2022 ஜூலையில் அப்படி ஒரு வரி போட்டார்கள். 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் உங்கள் வீட்டு சிலிண்டருக்கு எவ்வளவு வந்தது? கையை விரித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துத் தப்பையும் பேசுவோம்

அடுத்தவன் முதுகை மட்டும் பார்த்துப் பேசுவது சங்கத்துக்கு அழகில்லை. நம்ம முதுகையும் பார்ப்போம்.

ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறோம். கரண்ட் வந்தால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடினால் சுமார் 18 யூனிட். இலவசம்தானே என்று நினைக்கிறோம். போவது நம்ம கிணற்றுத் தண்ணீர். அதற்கு இலவசம் ஏது? நிலத்தடி நீர் இறங்க இறங்க ஆழத்தில் போர் போடுகிறோம், பெரிய மோட்டார் இறக்குகிறோம், கடன் வாங்குகிறோம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று. பம்புசெட் சர்வீசிலிருந்து வயர் இழுத்து வீட்டுக்கும் கொட்டகைக்கும் எரிக்கிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். ஒரு ஊரில் ஒருவர் செய்தால் போதும், "பாருங்க, இலவச மின்சாரத்தைத் திருடுறாங்க" என்று எல்லோர் தலையிலும் மீட்டர் கட்ட அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். பெருமாநல்லூரில் செத்தவர்கள் அதற்காகச் சாகவில்லை. சங்க உறுப்பினர் யாராவது அப்படிச் செய்தால் இன்றைக்கே வயரை உருவிவிடுங்கள். ஆள் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சங்கம் அதற்குத் துணை நிற்காது.

அடுத்து வீட்டுக் கணக்கு. 2011க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா ஃபேன் பல வீட்டில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். புதுசாக வந்திருக்கும் 28 வாட்ஸ் ஃபேன் அதே காற்றை 25 யூனிட்டில் கொடுக்கும். அறுபது வாட்ஸ் குண்டு பல்பு ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட். ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட் சொச்சம். ஒரு வீட்டில் இரண்டு ஃபேனையும் இரண்டு பல்பையும் மாற்றினால் 120 யூனிட் மிச்சம். 500க்கு மேலே தத்தளிக்கிற வீடு 400க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு வேலை, காசு செலவில்லாதது. ரீடிங் எடுத்த தேதியை அட்டையில் பாருங்கள். அறுபதாம் நாள் நீங்களே மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கணக்கு தாமதமானால் அந்தப் படம்தான் நமக்கு ஆயுதம்.

மாடு இருக்கிற வீட்டில் சாண எரிவாயுக் கலன் போட முடியுமா என்று பாருங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி ஊதி ஊதிப் புகையில் நம்ம பெண்கள் கண்ணைக் கெடுத்தது போதும். சிலிண்டர் விலைக்குப் பயந்து மறுபடியும் அந்த அடுப்புக்கே அவர்களைத் துரத்துவது நியாயமில்லை.

ஆனால் ஒன்று. சிக்கனம் நம்ம கடமை. அதைக் காட்டி அரசு கை கழுவ விடமாட்டோம். "ஃபேனை மாத்துங்க, லைட்டை அணைங்க" என்று விளம்பரம் போடுகிறவர்கள், ஃபேன் வாங்கக் காசு யார் கொடுப்பார் என்று சொல்வதில்லை. நாம் 120 யூனிட் மிச்சப்படுத்தி முடிப்பதற்குள் அவர்கள் கட்டணத்தை உயர்த்தினால், மிச்சப்படுத்தினது யாருக்கு?

வெயிலை நமக்குத் தாருங்கள்

நம்ம பூமி வானம் பார்த்த பூமி. மழை குறைவு, வெயில் தாராளம். அந்த வெயிலை நம்பித்தான் சிவகாசியே எழுந்தது. வெடியும் திரியும் காய்வது அந்த வெயிலில்தான். மழை பெய்யாத ஊர் என்று பெண் கொடுக்க யோசித்த ஊருக்கு, வெயில்தான் சோறு போட்டது. கூரையில் விழுகிற அதே வெயிலைக் கரண்ட் ஆக்கலாம் என்கிறபோது, அதில் சின்னச் சம்சாரிக்குப் பங்கு வேண்டாமா?

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்று கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலில் முழுப்பணத்தையும் நாம் போடணும் அல்லது பேங்கில் கடன் வாங்கணும், மானியம் பின்னால் வரும். ஓட்டுவீட்டுக்காரன், தகரக் கொட்டகைக்காரன், பயிர்க்கடன் பாக்கி உள்ளவன் எங்கே போவான்? மாடிவீட்டுக்காரர் பில் குறையும், குடிசைக்காரர் பில் ஏறும் என்றால் அதற்குப் பெயர் திட்டமா?

கிணறு வெட்டி மனு கொடுத்து வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிலையும் இதுதான். 2021-22ல் ஒரு லட்சம் இணைப்பு கொடுத்தார்கள், வரவேற்றோம். அதன் பிறகும் வரிசை தீரவில்லை. தட்கல் முறையில் போனால் ஐந்து ஹெச்.பி.க்கு இரண்டரை லட்சம் கட்டச் சொல்கிறார்கள். இரண்டரை லட்சம் வைத்திருப்பவன் ஏன் வரிசையில் நிற்கப்போகிறான்? அவன் டீசல் என்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைகிறான்.

நமது கோரிக்கைகள்

1. கணக்கெடுப்பு தாமதமானால், ஓடிய யூனிட்டை 60 நாளுக்கு வகுத்தே பில் போட வேண்டும். தாமதத்தின் தண்டம் நுகர்வோர் தலையில் விழக்கூடாது.

2. 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமே கூடுதல் விலை. முதல் யூனிட்டிலிருந்து சலுகையைப் பறிக்கக் கூடாது.

3. 2021 தேர்தலில் சொன்ன மாதாந்திரக் கணக்கெடுப்பு வேண்டும். 100 யூனிட் இலவசத்தைப் பாதியாக வெட்டி 50 ஆக்கிக் கொடுத்தால் அது ஏமாற்று. மாதத்துக்கு 100 யூனிட் முழுதாக வேண்டும்.

4. தானாக ஏறும் ஜூலை உயர்வை ரத்து செய்க. 2022ல் கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கோவை, மதுரை, சென்னையில் நடத்தினார்கள். கூலியை விட்டு மதுரைக்குப் போக யாரால் முடியும்? இனி விருதுநகர் உட்பட ஒவ்வொரு மாவட்டத்திலும் நடத்த வேண்டும்.

5. பம்புசெட் இலவச மின்சாரத்தில் கை வைக்காதே! "முதலில் நீ கட்டு, பிறகு வங்கியில் போடுகிறோம்" என்ற பேச்சே வேண்டாம். சிலிண்டர் மானியம் என்ன ஆனது என்று பார்த்துவிட்டோம். அடக்கவிலைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கும் 2025 அக்டோபர் மின்சாரச் சட்டத்திருத்த வரைவை மத்திய அரசு கைவிட வேண்டும்.

6. காத்திருக்கும் விவசாய இணைப்புகளைக் காலக்கெடு வைத்துக் கொடுத்து முடிக்க வேண்டும்.

7. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட விவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் கூரைச் சூரியமின் கருவி, முன்பணம் இல்லாமல். கூரை தாங்காதவர்களுக்கு ஊர்ப் பொது இடத்தில் கூட்டாக அமைத்து பில்லில் கழிக்க வேண்டும்.

8. விவசாய டீசலுக்கு வரி விலக்கு. சிறு விவசாயி வீட்டுக்கு சிலிண்டர் மானியம் மீண்டும் வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் போடுங்கள். வரும்போது கரண்ட் அட்டையையும் கடைசி மூன்று பில்லையும் எடுத்து வாருங்கள். தாமதக் கணக்கால் 500ஐத் தாண்டிய வீடுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாயால் சொன்னால் "அப்படியா" என்று கேட்டுவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். நூறு வீட்டுக் கணக்கை எழுதி மேஜையில் வைத்தால் மூட முடியாது. அந்த நோட்டோடு மின்வாரிய அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் கூட்டமாகப் போவோம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் ரோட்டுக்கு வருவோம். கட்சி எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். மீட்டர் கட்சி பார்த்து ஓடுவதில்லை.

தாய்மார்கள் கட்டாயம் வரவேண்டும். அடுப்பும் விளக்கும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. கணக்கு எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியபோது நம்ம பெரியவர்கள் வண்டியைப் பூட்டினார்கள். ஒரு யூனிட்டுக்கு இருநூறு ரூபாய் தண்டம் போடுகிற காலத்தில் நாம் வாயைப் பூட்டிக்கொண்டு இருக்கலாமா?

வீட்டில் சிக்கனம் காப்போம்! வீதியில் உரிமை கேட்போம்!

இலவச மின்சாரம் தியாகிகள் சொத்து, விட்டுத்தர மாட்டோம்!

விவசாயி - தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!

இவண்,
ஊர்க் கிளைகள் சார்பாக,
சங்கச் செயலாளர்